கண்ணீர் வராவிட்டால் நன்றி இல்லையா?

கேள்வி: ஆண்டவரிடம் என் பாவத்தை அறிக்கையிட்டேன், அவர் மன்னித்தார் என்றும் விசுவாசிக்கிறேன். ஆனால் ஆராதனையில் மற்றவர்கள் மனமுருகித் துதிக்கும்போது எனக்குப் பழைய குற்றவுணர்வுதான் எழுகிறது. செய்த தவறுக்கு ஈடாக ஊழியத்திலும் காணிக்கையிலும் அதிகமாகவே செய்து பார்த்தேன், மனம் ஆறவில்லை. நன்றியே இல்லாத என்னைத் தேவன் உண்மையில் மன்னித்திருப்பாரா? – ஒரு வாசகி

பதில்: மன்னித்திருக்கிறார், சகோதரி. நாம் பாவங்களை அறிக்கையிட்டால் அவற்றை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று யோவான் தம்முடைய முதலாம் நிருபத்தில் (1:9) எழுதும்போது, அந்த உறுதியை நம்முடைய உருக்கத்தின்மேல் வைக்காமல் தேவனுடைய உண்மையின்மேல் வைக்கிறார்.

நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகக் கவலை தருவது ‘ஈடாக’ என்ற சொல்தான். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில், பரிசேயனாகிய சீமோனின் வீட்டுப் பந்தியில், பாவி என்று ஊரார் ஒதுக்கிய ஒரு பெண் இயேசுவின் பாதங்களருகே பின்னாக நின்று அழுகிறாள். கண்ணீரால் நனைந்த பாதங்களைத் தன் தலைமயிரால் துடைத்து, முத்தமிட்டு, பரிமளதைலம் பூசுகிறாள். விருந்துக்கு அழைத்த சீமோனோ கால் கழுவத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை. அப்போது இயேசு சொன்ன உவமையில் ஒருவன் 500 வெள்ளிக்காசும் மற்றவன் 50 வெள்ளிக்காசும் கடன்பட்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்காசு அன்றைய கூலியாளின் ஒரு நாள் கூலி என்பதால், முன்னவனுடைய கடன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு உழைப்புக்குச் சமம். பின்னவனுடையது இரண்டு மாதத்தைக்கூட எட்டாது. ஆனாலும் தீர்க்க வழியில்லாமல் நின்றது இருவருமே. இருவருக்கும் கடன் முழுவதும் மன்னிக்கப்பட்டது. தவணை முறையில் பிறகு கட்டலாம் என்று கடன் கொடுத்தவன் எவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தைலமும் மன்னிப்புக்கான விலையாக ஊற்றப்பட்டதன்று. மன்னிக்கப்பட்டவளின் அன்பு அப்படி வெளிப்பட்டது என்பதே உவமையின் போக்கு. உங்கள் காணிக்கையும் அப்படியே அன்பிலிருந்து வரட்டும். கடனை அடைக்கும் நோக்கத்தோடு கொடுப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் தவறால் மனிதர் எவரேனும் நஷ்டப்பட்டிருந்தால் அது வேறு விஷயம். அதை அவரிடமே சரிசெய்ய வேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாக வரி வசூலிப்பவனாகிய சகேயு சொன்னது, இயேசு தானாகவே முன்வந்து அவன் வீட்டுக்குள் வந்த பிறகுதான் (லூக்கா 19). சபைகளில் நாம் கண்ணீரைக் கவனிக்கும் அளவுக்கு இப்படிப்பட்ட அமைதியான நன்றியைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

உருக்கம் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. சங்கீதம் 103-இல் தாவீதே தன் ஆத்துமாவைப் பார்த்து, ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உபகாரங்களில் அவர் முதலாவதாக எண்ணுவது அக்கிரமங்களின் மன்னிப்பைத்தான். இந்த வாரம் அந்தச் சங்கீதத்தைத் தினமும் வாய்விட்டு வாசியுங்கள். ஜெபத்தில் அந்தப் பழைய பாவம் நினைவுக்கு வரும்போது, அதற்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்காமல், அது மன்னிக்கப்பட்டதற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குச் செல்லுங்கள்.