டொயோட்டாவின் புது வண்டிகள்: கேள்விகளும் என் பதில்களும்

டொயோட்டா ஹைபிரிட் வண்டிகளை, அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் பிரியஸ் போன்றவற்றை, இருபது வருடமாக ஓட்டுகிறேன். ஒன்றிரண்டைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். புது மாடல்கள், இன்ஜின், பேட்டரி, கியர்பாக்ஸ் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

செல்வம்: புது பிரியஸ் பார்க்க அழகாக இருக்கிறது. உள்ளே அதே பழைய பிரியஸ்தானே?

இல்லை. 2022 நவம்பரில் ஐந்தாம் தலைமுறையைக் காட்டியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டிய பிறகு எண்ணம் மாறிவிட்டது. முந்தைய பிரியஸில் 1.8 லிட்டர் இன்ஜின், அமெரிக்க மாடலில் மோட்டாரும் சேர்த்து 121 குதிரைத்திறன். இப்போது 2 லிட்டர் இன்ஜின், 194 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். பழையதில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால்தான் வரும். புதியதில் பாதி மிதித்தாலே வண்டி நகர்ந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் மைலேஜ் குறையவில்லை.

குறையும் உண்டு. கூரையைத் தாழ்த்தி, முன்கண்ணாடியை மிகவும் சாய்த்துவிட்டார்கள். ஏறும்போது தலை இடிக்கும். பின்சீட்டில் உயரமானவர்களுக்கு இடம் போதாது. பின்கண்ணாடி வழியே தெரிவதும் குறைவு. வாங்குவதற்கு முன் வீட்டிலேயே உயரமானவரைப் பின்சீட்டில் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள்.

யமுனா: ஹைபிரிட் வண்டிக்கு தினமும் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். பெட்ரோல் மட்டும் போட்டால் போதும். பிளக்-இன் மாடல் என்றால் மட்டும் சார்ஜ் போடலாம். புது பிரியஸ் பிளக்-இன்னில் 13.6 கிலோவாட் மணி பேட்டரி இருக்கிறது.

பெட்ரோல் பிரியன்: எல்லாம் சரி அண்ணா, கடைசியில் இதுவும் சிவிடி கியர்பாக்ஸ்தானே? மிதித்தால் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். அதில் ரசிக்க என்ன இருக்கிறது?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சிவிடி என்றால் படிப்படியாக இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் கியர்பாக்ஸ். இதில் பெயர் மட்டும்தான் சிவிடி. சாதாரண சிவிடியில் இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட் ஓடும். கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் விகிதத்தை மாற்றும். ஹைபிரிட்டின் இ-சிவிடியில் பெல்ட்டும் கிடையாது, கப்பியும் கிடையாது. இருப்பது ஒரு பிளானட்டரி கியர் தொகுதி. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில சின்னப் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையப் பல்சக்கரம். சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின். சூரியனில் ஜெனரேட்டர். வளையத்தில் பெரிய மோட்டாரும் வண்டியின் சக்கரங்களும். எல்லாப் பற்களும் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். எதுவும் விலகாது, வழுக்காது.

ஆரம்ப பிரியஸ்களில் சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். அதனால் இன்ஜினின் முறுக்குவிசையில் ஏறக்குறைய 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்கும், 28 சதவீதம் ஜெனரேட்டருக்கும் போகும். இந்தப் பங்கு மாறவே மாறாது. மாறுவது வேகம் மட்டும். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். வளையம் அசையாது, ஜெனரேட்டர் 3600 சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டி வேகம் எடுக்க எடுக்க, இன்ஜின் அதே 1000-ல் இருந்தாலும் ஜெனரேட்டரின் வேகம் தானாகக் குறையும். ஜெனரேட்டரை எவ்வளவு வேகத்தில் பிடித்து வைக்கிறோம் என்பதுதான் இங்கே கியர்.

கிளட்ச் இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஜெனரேட்டரே இன்ஜினைக் கிளப்பும். ஆல்டர்னேட்டர் இல்லை. ரிவர்ஸ் கியரும் இல்லை, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். தேயக்கூடிய இத்தனை சாமான்களை ஒரே பல்சக்கரக் கூட்டம் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒன்றை நான் பிரித்தபோது பற்களில் கண்ணுக்குத் தெரிகிற தேய்மானமே இல்லை. ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு இதுதான்.

கீதா: பேட்டரி எட்டு வருடத்தில் செத்துவிடும் என்கிறார்களே?

அப்படி நாள் குறித்துச் சாகாது. உதாரணத்துக்கு இரண்டாம் தலைமுறை பிரியஸ்: 28 மாட்யூல், மொத்தம் 201.6 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கொள்ளளவு சுமார் 1.3 கிலோவாட் மணிதான். அதையும் கம்ப்யூட்டர் முழுக்க நிரப்பாது, முழுக்கக் காலியாக்காது. ஏறக்குறைய 40-லிருந்து 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு நாள் உழைக்கிறது.

பேட்டரியைக் கொல்வது சூடு. பல மாடல்களில் பின்சீட்டுக்கு அருகே ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அது வழியாக இழுத்துத்தான் பேட்டரியைக் குளிர வைக்கிறார்கள். அந்தத் துவாரத்தின் மேல் பை, போர்வை, குழந்தை சீட்டு எதையும் வைக்காதீர்கள். ஃபில்டர் இருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நாய், பூனை ஏறும் வண்டி என்றால் இன்னும் அடிக்கடி. பேட்டரி போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஃபில்டரைப் பற்றித்தான். பாதிப் பேர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாதவர்கள்.

மணிமாறன்: டர்போ போடாமல் ஏன் பெரிய இன்ஜின் வைக்கிறார்கள்?

ஹைபிரிட்டில் இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பெரிய இன்ஜின். அமுக்கும் தூரம் குறைவு, விரியும் தூரம் அதிகம், எரிந்த வாயுவிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். கேம்ரி காரின் 2.5 லிட்டர் ஹைபிரிட் இன்ஜினில் வெப்பத் திறன், அதாவது எரிபொருளின் சக்தியில் வேலையாக மாறும் பங்கு, 41 சதவீதம். பெட்ரோல் இன்ஜினுக்கு இது அருமையான எண். இந்த முறையில் குறைந்த சுற்றில் இழுவை பலவீனமாக இருக்கும், அந்தப் பள்ளத்தை மோட்டார் நிரப்பிவிடும். டர்போவும் வைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த கிரவுன் காரின் ஹைபிரிட் மேக்ஸ் மாடலில் 2.4 லிட்டர் டர்போ, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 340 குதிரைத்திறன். அதில் இ-சிவிடி இல்லை.

பெட்ரோல் பிரியன்: பார்த்தீர்களா! வேகமான வண்டி வேண்டும் என்றதும் டொயோட்டாவே உங்கள் பல்சக்கரத்தை ஒதுக்கி வைத்துவிட்டது. பெல்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காதைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. முழுச் சக்தி கேட்டால் இன்ஜின் தன் உச்சச் சக்தி கிடைக்கும் சுற்றுக்கு நேராகப் போய் அங்கேயே நிற்கும். வண்டியின் வேகம் பின்னால் வந்து சேரும். அது கோளாறு இல்லை, அந்த நேரத்தில் கிடைக்கக்கூடிய சக்தி முழுவதையும் தருகிறது. கியர் மாற்றும் வண்டியில் ஒவ்வொரு மாற்றத்திலும் சுற்று இறங்கி, சக்தியும் கொஞ்சம் இறங்கி ஏறும். நம் காது அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிவிட்டது. பழைய 1.8 இன்ஜினில் இரைச்சல் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். 2 லிட்டரில் அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

நாராயணன், ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காதை விடுங்கள். அதிவேகத்தில் ஜெனரேட்டர் எதிர்த்திசையில் சுற்றி மின்சாரத்தை உண்ணும், பெரிய மோட்டார் அதை உற்பத்தி செய்யும். சக்தி வட்டமாகச் சுற்றி வீணாகிறதே, அதை ஏன் சொல்லவில்லை?

ஐயா சொல்வது உண்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சமதளத்தில் வேகமாக, லேசான மிதியில் போகும்போது இது நடக்கும். மின்சாரமாக மாறித் திரும்பும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. நகருக்குள் ஹைபிரிட் காட்டும் வித்தை நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம். பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் சக்தி அங்கே குறைவு என்பது இன்னொரு காரணம். டொயோட்டாவும் இதைத் தெரிந்துதான் வேலை செய்திருக்கிறது. நான்காம் தலைமுறையில் மோட்டாரைத் தனி இணைத் தண்டுக்கு மாற்றி உராய்வைக் குறைத்தார்கள். 2017-ல் வந்த, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸின் எல்சி 500எச் ஹைபிரிட்டில் இதே பல்சக்கரத்துக்குப் பின்னால் நான்கு கியர் பெட்டி ஒன்றைச் சேர்த்தார்கள். பிரியன் தம்பி, ஒதுக்கி வைக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

தமிழரசி: ஹைபிரிட்டை எத்தனை மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்?

மேலே யமுனாவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

இளங்கோ: சாலிட் ஸ்டேட் பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். 2023 அக்டோபரில் இடெமிட்சு நிறுவனத்தோடு சேர்ந்து அந்த பேட்டரியில் திரவத்துக்குப் பதிலாக வரும் சல்ஃபைடு வகைத் திட மின்பகுபொருளைத் தயாரிப்பதாக டொயோட்டா அறிவித்தது. 2027-28-ல் வண்டியில் கொண்டுவருவது இலக்கு. ஆய்வகத்தில் ஒரு செல் செய்வது வேறு, லட்சக்கணக்கில் விரிசல் விடாமல் செய்வது வேறு. சார்ஜ் ஏறி இறங்கும்போது உள்ளே பொருள் வீங்கிச் சுருங்கும். திடப்பொருளில் அந்த இடைவெளியைத் தானாக நிரப்ப எதுவும் இல்லை. முதலில் வந்தாலும் விலை உயர்ந்த வண்டிகளில், கொஞ்சமாகத்தான் வரும் என்பது என் கணிப்பு.

பாலு: ஹைட்ரஜன் வண்டி?

2021-ல் ஃபுஜி 24 மணி நேரப் பந்தயத்தில் ஹைட்ரஜனை எரித்து ஓடும் கொரோலாவை இறக்கினார்கள். 2023-ல் திரவ ஹைட்ரஜனுக்கு மாறினார்கள், மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய எரிபொருள். அந்தத் துணிச்சலை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எரிபொருள் நிரப்ப இடமில்லாத வண்டியை யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ரேவதி: டொயோட்டாவின் சின்ன வேக கார் ஜிஆர் யாரிஸ் பற்றி உங்கள் கருத்து? மூன்று சிலிண்டர் என்பதால் தயங்குகிறேன்.

தயங்காதீர்கள். 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. 2020-ல் ஜப்பானில் 272 குதிரைத்திறனோடு வந்து, 2024-ல் 304 ஆனது. நான்கு சக்கர இழுவை, கார்பன் ஃபைபர் கூரை. ராலி பந்தயத்தை மனதில் வைத்தே செய்த உடல். மூன்று சிலிண்டரில் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துடிப்பு அடுத்ததோடு மோதாது, டர்போ சீக்கிரம் விழிக்கும். 2024-லிருந்து எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. என் தேர்வு மேனுவல்தான். கணக்குப் போடுகிறவர்கள் இப்படி ஒரு வண்டியைச் செய்ய மாட்டார்கள், ஆசைப்பட்டவர்கள்தான் செய்வார்கள். இதில் பெட்ரோல் பிரியனுக்கும் எனக்கும் சண்டை வராது.

குமரன்: பிஇசட்4எக்ஸ் மின்சார வண்டி?

சக்கரத்தின் ஹப் போல்ட் கழன்றுவிடலாம் என்று 2022 ஜூனில் திரும்ப அழைக்கப்பட்ட வண்டி. அது சரிசெய்யப்பட்டுவிட்டது. மின்சார வண்டியில் டொயோட்டா தாமதமாகத்தான் வந்தது, முதல் முயற்சியில் அது தெரிந்தது.

ஷீலா: சிக்னலில் நிற்கும்போது என்-னில் (நியூட்ரலில்) போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகாது. கெடுதல்தான் ஆகும். என்-னில் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆகாது. ஏசியோ அதே பேட்டரியிலிருந்துதான் ஓடுகிறது. நெரிசலில் என்-னில் நெடுநேரம் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். டி-யில் வைத்து பிரேக்கை மிதித்திருங்கள். அதிக நேரம் என்றால் பார்க்கிங்கில் (P) போடுங்கள்.

அன்வர்: காலையில் வண்டி உயிரே இல்லை. ஹைபிரிட் பேட்டரி போய்விட்டதா? மாற்றச் சொல்கிறார்கள்.

எதையும் மாற்றாதீர்கள்! முதலில் சின்ன 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். இந்த வண்டியில் இன்ஜினைச் சுற்றுவது அது இல்லை. கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே சுவிட்சைப் போட வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அது படுத்தால் மொத்த வண்டியும் படுக்கும். பல வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் இப்படி ஆகும். அப்புறம், பின்சீட்டு அருகே உள்ள அந்த ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

ஜோசப்: பழைய மூன்றாம் தலைமுறை பிரியஸ் வாங்கலாமா?

இஜிஆர் கூலரையும் (புகையில் ஒரு பங்கைக் குளிர வைத்து இன்ஜினுக்கே திருப்பும் பாகம்) இன்டேக் மேனிஃபோல்டையும் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) கழற்றிக் கரி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு. அடைப்பை விட்டுவைத்தால் இன்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் கெடும் வரை போகும். குளிர்ந்த இன்ஜின் காலையில் கிளம்பும்போது உதறினால் வேண்டாம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் சுற்று உண்டு, அதன் அளவையும் பாருங்கள்.

தினேஷ்: கடன், இன்சூரன்ஸ் எதில் எடுப்பது நல்லது?

என் துறை இல்லை. அதைத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வேலு: சார்ஜ் போடாமல் விட்டால் பேட்டரி கெடுமா?

மூன்றாவது முறை. சார்ஜ் போட உங்கள் வண்டியில் துளையே இல்லை. வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள், அதுவே போதும்.

பெட்ரோல் பிரியன்: அண்ணா, நாராயணன் ஐயா சொன்னதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம். வண்டி வேகமாகப் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டால் அந்த ஜெனரேட்டர் என்ன ஆகும்?

அருமையான கேள்வி. இன்ஜின் நின்றால் சட்டம் நிற்கும், வளையம் ஓடும், அப்போது சூரியன் எதிர்த்திசையில் பறக்கும். வளையம் சுற்றும் வேகத்தைப் போல 2.6 மடங்கு, 78-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது அது. முதல் பிரியஸில் ஜெனரேட்டரின் எல்லை 6500 சுற்று. அதனால் ஒரு வேகத்துக்கு மேல் இன்ஜினை நிறுத்தவே முடியாது, எரிபொருள் போகாவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் எல்லையை 10,000 ஆக்கினார்கள், இன்ஜினை நிறுத்தி வைத்து ஓடக்கூடிய வேகமும் கூடியது. ஒரு காகிதத்தில் மூன்று செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இடப்பக்கம் சூரியன், நடுவில் சட்டம், வலப்பக்கம் வளையம். இடைவெளி 78-க்கு 30 என்ற கணக்கில் இருக்கட்டும். மூன்றின் வேகத்தையும் அந்தந்தக் கோட்டில் புள்ளியாக வைத்தால், அவை எப்போதும் ஒரே நேர்கோட்டில்தான் விழும். அந்தக் கோட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வரைந்து முடித்ததும் என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள், ஐயாவும் நானும் காத்திருக்கிறோம்.