வாடகை வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்க ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் வளர்க்கலாமா?

கேட்டவர் மதுரையில் மாடி போர்ஷனில் இருக்கிறாராம். வாடகை ஒப்பந்தத்தில் "பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது; பறவையும் அதில் சேருமா, பின்பக்கம் சின்னதாக ஒரு கூண்டு வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருக்கிறார்.

தெரிந்துவிடும். 40 நாளில் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

அப்போது வில்லாபுரத்தில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா, மேலே நாங்கள். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி, துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் கூண்டை மாட்டினேன். சத்தம்தான் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்து அதற்கு மட்டும் ஏற்பாடு செய்திருந்தேன். காட்டிக்கொடுத்தது உமி.

இந்தப் பறவை தினையை அப்படியே விழுங்காது. ஒவ்வொரு மணியையும் அலகுக்குள் உருட்டி, தோலை உரித்துத் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும்தான் தின்னும். தோலில் பாதி கிண்ணத்திலேயே கிடக்கும், மீதி கூண்டுத் தட்டில் விழும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒரு தடவை சிறகடித்தால் போதும், தட்டில் கிடந்ததெல்லாம் காற்றில். (புதிதாக வளர்ப்பவர்கள் கிண்ணம் நிறைய தினை இருக்கிறது என்று நம்பி ஊருக்குப் போய்விடுவார்கள். மேலே கிடப்பது வெறும் உமி, பறவை பட்டினி. தினமும் வாயால் ஊதிப் பார்க்க வேண்டும்.)

பங்குனி மாதம். வீட்டுக்காரம்மா மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் கூழ் வத்தல் போட்டிருந்தார். சாயங்காலம் எடுக்க வந்தவர் ஒரு வத்தலைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். வெள்ளை வத்தலில் மஞ்சளாக, பளபளவென்று, நகக்கண் அளவுகூட இல்லாத தோல்கள் ஒட்டியிருந்தன.

"ஏன் தம்பி, நான் காய்ச்சுனது பச்சரிசிக் கூழு. இதுல தினை உமி எங்கிட்டிருந்து வந்துச்சு?"

நானும் உங்களைப் போலவே, பறவை பிராணியில் சேராதே அம்மா என்று ஆரம்பித்தேன். "அப்ப நாளைக்குக் கோழி வளப்பியா?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. ஒப்பந்தத்தில் பிராணி என்று போட்டிருந்தால் பறவையும் உள்ளே என்றுதான் எல்லா ஓனரும் எடுத்துக்கொள்வார்கள். வார்த்தையை வைத்து வாதாடி ஜெயித்தாலும் அடுத்த மாசம் மோட்டார் போடுவதில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் இழுபறிதான்.

கூண்டு போகணும், இல்லையென்றால் நீ போகணும் என்று சொல்லிவிட்டார். கூட வேலை பார்க்கும் ஒருவர் மேலூரில் சொந்த வீட்டில் இருந்தார், அவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஒன்றைப் பூனை பிடித்துவிட்டது. மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒளித்து வளர்ப்பதில் எனக்கு உறுத்துவது ஓனரிடம் பட்ட அவமானம் இல்லை, இதுதான். மாட்டினால் ஒரு வாரத்துக்குள் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அவர் வீட்டில் பூனை வருமா, எலி வருமா என்று விசாரிக்கவெல்லாம் நேரம் இருக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், தனியாக வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, உங்களை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணி பற்றித் தனியாக எதுவும் கிடையாது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். "விலங்கு நல வாரியமே வளர்க்கலாம்னு சொல்லியிருக்கு" என்று சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். 2015இல் வந்த அந்த வழிகாட்டுதல் முக்கியமாக நாய் வளர்ப்பவர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் பற்றியது. சங்கம் போடும் தடைக்கு எதிராக அது உதவலாம். நீங்களே கையெழுத்துப் போட்ட வரிக்கு எதிராக அதை நீட்ட முடியாது.

இன்னொரு சட்டம் இருக்கிறது, அதுதான் முக்கியம். வில்லாபுரத்தைக் காலி செய்துவிட்டு வீடு தேடும்போது ஜெய்ஹிந்துபுரம் பக்கம் ஒரு பாட்டி, "லவ் பேர்ட்ஸ் கிவ் பேர்ட்ஸ் எல்லாம் வேணாம்ப்பா. பச்சைக்கிளின்னா வச்சுக்க. ஆத்தா கையிலயே இருக்கு" என்றார். மதுரையில் இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்? மீனாட்சி கையில் கிளி, பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூட்டு மண்டபம், அங்கே ஒரு காலத்தில் கூண்டில் கிளிகளை வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஆனால் பாட்டி அனுமதி கொடுத்த அந்த ஒரு பறவையைத்தான் வளர்க்கக் கூடாது! பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி என்று நம் ஊரில் இயற்கையாகத் திரிகிற பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறை, அபராதம் இரண்டுக்கும் வழி உண்டு. ஓனர் சம்மதம் வனத்துறையிடம் செல்லாது.

நீங்கள் கேட்கும் லவ் பேர்ட்ஸ், அதாவது நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் பட்ஜி, ஆஸ்திரேலியப் பறவை. அதற்கும், கொண்டை வைத்த காக்டெயில் என்கிற கிளிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. சன் கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி வெளிநாட்டுக் கிளிகளுக்கு ஆசைப்பட்டால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாடகை வீட்டுக்கு சன் கொன்யூர் வேண்டவே வேண்டாம். அது கத்துவது தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

இப்போது ஓனர் விஷயத்துக்கு வருகிறேன். "பிராணிகள் கூடாது" என்கிற வரியை எழுதுகிறவர் மனதில் பெரும்பாலும் உங்கள் பறவை இருக்காது. போன குடித்தனக்காரரின் நாய் கதவைப் பிறாண்டியது இருக்கும், மேல்வீட்டுப் புறா எச்சம் இருக்கும், எலி இருக்கும். அது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "ப்ளீஸ் சார், சின்னப் பறவைதான் சார்" என்று கெஞ்சுவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்து எனக்குக் கிடைத்தது நாகமலை புதுக்கோட்டையில். ஓனர் ரிட்டயர்டு வாத்தியார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே சொன்னேன், எனக்குப் பறவை வளர்க்க ஆசை, உங்களுக்கு அதில் எது தொந்தரவு என்று. அவர் யோசித்து மூன்று சொன்னார். அவர் மனைவிக்கு வீசிங் உண்டு. தானியம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் (மலையே பாம்பு மாதிரிப் படுத்திருக்கிற ஊர், சிரிக்கக் கூடாது). அப்புறம், இரண்டு என்று ஆரம்பித்து இருபது ஆகிவிடும்.

மூன்றும் நியாயம்தான். காக்டெயில் உடம்பிலிருந்து வெள்ளையாக மாவு போல ஒரு தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனக்குக் காக்டெயில்தான் ஆசை, விட்டுவிட்டேன். பட்ஜியிலும் தூசி இல்லாமல் இல்லை, ஆனால் குறைவு. அதையும் அவர்கள் ஜன்னல் பக்கம் வராமல் மாடியின் கிழக்கு ஓரத்தில் வைப்பதாகப் பேசிக்கொண்டோம். அந்த அம்மா அதற்கும் முடியாது என்றிருந்தால் நான் வேறு வீடுதான் பார்த்திருக்க வேண்டும். மூச்சு விஷயத்தில் பேரம் பேசக் கூடாது.

எலிக்கு: தினை மூட்டையாக வாங்குவதில்லை, ஒரு கிலோ, எவர்சில்வர் தூக்கில். கூண்டைச் சுற்றிக் கீழ்ப்பாதிக்குப் பழைய வேட்டியைத் தைத்துப் பாவாடை மாதிரி மாட்டினேன், உமி வெளியே பறக்காது. அடித்தட்டில் தினசரித் தாள், காலையில் மடித்து எடுத்தால் வேலை முடிந்தது. ராத்திரி தானியக் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், இருட்டில் அவை தின்னாது, எலிதான் தின்னும். கம்பி அரை அங்குல இடைவெளிக்கு மேல் இருந்தால் பாம்பு நுழையும் என்று வாத்தியார் அளவுகோலோடு வந்து அளந்து பார்த்தார். கூண்டு சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளித் தொங்குகிறது, அதனால் சுவரில் எச்சம் படுவதில்லை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிக்கிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதற்காகக் குடிபோன அன்றே எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டேன். இதை நீங்களும் செய்யுங்கள், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இருபது ஆகும் என்றாரே, அது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. கடைக்காரர் ஜோடியோடு மண்பானையும் சேர்த்துத் தருவார். பானையை வாங்காதீர்கள். பானை தொங்கினால் பெட்டை உள்ளே போய் நாலு முதல் ஆறு முட்டை வைக்கும், 18 நாளில் பொரிக்க ஆரம்பிக்கும், ஐந்தாவது வாரத்தில் குஞ்சு வெளியே வரும், உடனே அடுத்த ஈடு. பானை இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சே இல்லை. அதைவிட நல்லது, இரண்டையும் ஆணாகவே வாங்குவது. வளர்ந்த பறவையில் அலகுக்கு மேல் மூக்குத்துளை இருக்கும் பட்டை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். வெள்ளை, மஞ்சள் நிறப் பறவைகளில் இது ஏமாற்றும், பச்சையிலோ நீலத்திலோ பார்த்து எடுங்கள். இரண்டு ஆண்கள் சண்டையில்லாமல் இருப்பார்கள். ஜோடியைப் பிரிக்கிறாயே பாவம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

சத்தத்தை ஒழிக்க முடியாது. விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கத்தும். ராத்திரி ஏழு மணிக்குக் கூண்டைத் துணியால் மூடிக் காலை ஆறரைக்குத் திறப்பதால் விடிகாலைக் கச்சேரி கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் மட்டும் துணி விஷயத்தில் கவனம். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றி, காற்றோட்டம் விட்டு, பக்கத்தில் ஈரச்சாக்கு கட்டுங்கள். ஒற்றை ரூம் வீட்டில் சமையலும் கூண்டும் ஒரே இடம் என்றால் இன்னொன்று: நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் விட்டுவிட்டுப் போனீர்களானால் அது அளவு மீறிச் சூடாகிக் கிளம்புகிற புகையில் பறவை நிமிடங்களில் செத்துவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. கொசுவத்தியும் வேண்டாம்.

அலகு தேய்க்கக் கணவாய் ஓடு என்று செல்லப்பிராணிக் கடையில் பாக்கெட்டில் விற்பதும் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைப்பதும் ஒன்றுதான். கீழமாசி வீதிப் பக்கம் போனால் கொஞ்ச ரூபாயில் ஆறு மாசத்துக்கு ஆகும்.

எல்லாம் பேசி முடித்தபின் வாயோடு விடவில்லை. ஒப்பந்தத்தில் பிராணிகள் கூடாது என்ற வரி அப்படியே இருக்கட்டும் என்று வாத்தியார் சொன்னார், அதன் கீழே இதைச் சேர்த்தோம்: "மேற்படி நிபந்தனையிலிருந்து விலக்காக, குடியிருப்பவர் மாடியின் கிழக்குப் பக்கத்தில் ஒரே கூண்டில் நான்குக்கு மிகாமல் சிறு பறவைகள் வளர்த்துக்கொள்ளலாம், அதனால் ஏற்படும் சேதத்தைத் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்." எண்ணிக்கையும் இடமும் எழுதியதால் அவருக்குப் பயம் போயிற்று. நாளைக்கு அவர் மகன் வந்து கேட்டாலும் எனக்குக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதென்றால், 11 மாதம் முடிந்து புதுப்பிக்கும் சமயம்தான் இதைப் பேச நல்ல நேரம். வாடகை ஏற்றச் சொல்லி அவரும் அப்போது உங்களிடம் ஒன்று கேட்பார்.

அதுவரை மாடிச் சுவரில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் கொஞ்சம் கம்பும் வையுங்கள். சிட்டுக்குருவி வரும், அதற்கு எந்த ஓனரும் அக்ரிமென்ட் கேட்பதில்லை. புதுப்பித்துக் கையெழுத்து வாங்கியபின் கூண்டு மாட்டப் போகும்போது, அவர்கள் வீட்டில் வத்தல் காயப்போடுவது எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.