யோனியின் அமிலத்தன்மை: மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் வெள்ளைப்படுகிறது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிறது, சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. அமிலத்தன்மையை மீட்க என்ன வழி, டாக்டர்?

பதில்: மாதவிடாய் வரும் வயதில் யோனியின் பி.எச். அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 3.8 முதல் 4.5 வரை இருக்கும்; எண் குறைந்தால் அமிலம் அதிகம். அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அதைக் காக்கின்றன. அவை குறைந்து வேறு கிருமிகள் பெருகுவதுதான் பாக்டீரியல் வஜினோசிஸ். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதற்குப் பொருந்துகின்றன. கண்ணாடித் தகட்டில் எடுத்த திரவத்தின் மீது ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் அந்த வாடை குப்பென்று எழும். அதுவும் பரிசோதனையில் ஒரு பகுதி. உறுதியானால், வழக்கமான சிகிச்சை மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இருவேளை, 7 நாள். வாடை போனதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள்.

கேள்வி: வினிகர் கலந்த நீரால் கழுவலாமா? அதுவும் அமிலம்தானே?

பதில்: கூடாது. நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அடித்துச் செல்லப்படும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு?

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி: தயிர் போல வெள்ளைப்படுகிறது, அரிப்பு தாங்க முடியவில்லை. லாக்டிக் அமில ஜெல் வாங்கட்டுமா?

பதில்: இது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதில் பி.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பரிசோதித்துக்கொள்ளுங்கள், தேவைப்படுவது பூஞ்சைக்கான மருந்து.

கேள்வி: மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகின்றன. வறட்சி, எரிச்சல்.

பதில்: அம்மா, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்தால் லாக்டோபேசில்லஸுக்கு உணவு கிடைப்பதில்லை, பி.எச். 5-ஐத் தாண்டிவிடுகிறது. உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகப் பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவரின் கணவன் நான். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நானும் மருந்து எடுக்க வேண்டுமா?

பதில்: கேட்டதற்கு நன்றி. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே துணையுடன் வாழும் பெண்களுக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்பியது. ஆணுக்கும் 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் ஆணுறுப்பில் தடவ கிளிண்டமைசின் கிரீமும் கொடுத்தபோது 35 சதவீதமாகக் குறைந்தது. அறிகுறி இல்லாத ஆணிடமும் அந்தக் கிருமிகள் இருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் எடுங்கள். சிகிச்சை முடியும் வரை உறவு வேண்டாம்.

கேள்வி: ஆண்களுக்குக் கொடுத்துப் பயனில்லை என்றுதானே இத்தனை காலம் சொன்னார்கள்? மனைவியின் நோய்க்குக் கணவனைக் குற்றவாளியாக்குகிறீர்கள்.

பதில்: பழைய ஆய்வுகளில் பெரும்பாலும் மாத்திரை மட்டுமே கொடுத்தார்கள், தோலின் மேல் இருக்கும் கிருமிகளைத் தனியாகக் கவனிக்கவில்லை. குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இத்தனை காலம் "சுத்தமாக இல்லை" என்று பழி சுமந்தவர்கள் பெண்கள். அந்தப் பழிக்குப் பயந்துதான் பலர் உள்ளே கழுவிக் கழுவி இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி: யோனிக்குள் வைக்கும் போரிக் அமிலக் குளிகை? நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

பதில்: வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். வாய்வழி போனால் அது விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வாடையோ நிறமாற்றமோ இருந்தால் உங்கள் மருத்துவரை உடனே பாருங்கள், கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது.

கேள்வி: வாசனைத் திரவத்தால் உள்ளே கழுவினால்?

பதில்: கழுவாதீர்கள்.