கட்டுரை யாருடையது?

கேள்வி: தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் மகன், தமிழ்க் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அப்படியே பார்த்து எழுதிவிடுகிறான். ஆசிரியரும் பாராட்டுகிறார். தடுப்பதா, விட்டுவிடுவதா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பாராட்டு கட்டுரைக்குத்தான் அம்மா, பையனுக்கு அதில் பங்கில்லை. தடுக்க வேண்டாம், கைப்பேசி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

உங்கள் ஊர்ப் பக்கம் பாமாயில் தரும் செம்பனைக்குக் குறைவில்லை. தோட்டத்தில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்பதைக் காட்டி, எதற்கு என்று கேளுங்கள். முதலில் தன் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். 'புறாக்கூடு' என்று எழுதினாலும் திருத்தாதீர்கள். பிறகு அவன் கேள்வி சொல்லச் சொல்ல, நீங்கள் செயலியில் தட்டுங்கள். செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளைப் பிடிக்கக் கூகை (ஆந்தை வகை) வளர்க்கும் பெட்டி என்று விடை வரலாம். உடனே நம்ப வேண்டாம். தெரியாததையும் கூசாமல் சொல்லும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பெட்டிக்குக் கீழே கூகை கக்கிய உருண்டைகள் கிடந்தால், குச்சியால் பிரித்துப் பார்க்கட்டும்: எலியின் மயிர், எலும்பு, சில சமயம் முழு மண்டையோடு. (அருவருப்பாக இருந்தால் நீங்கள் தள்ளி நில்லுங்கள்.) பையனுக்கு அதற்கப்புறம் எழுத விஷயம் தேட வேண்டியிருக்காது.

செயலியை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள். முடித்ததும், பிழை எந்த வரியில் என்பதை மட்டும் செயலியிடம் கேளுங்கள். திருத்துவது அவன் வேலை. கட்டுரை முன்பைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். ஆசிரியர் கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.