ஜோத்பூர் டு தேஜ்பூர்: ஊர்ச் சாமான் கெடாமல் போய்ச் சேர

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மூன்று வருடமாக ஜோத்பூரில் இருந்தோம். இப்போது அஸ்ஸாமில் தேஜ்பூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, ஜூன் மாதம் கிளம்ப வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பும் வற்றல், குண்டு மிளகாய், புளி, கவுனி அரிசி, கருப்பட்டி, உப்புக்கண்டம், மசாலாப் பொடி எல்லாம் இங்கே கெடாமல் இருந்தன. அஸ்ஸாமில் ஒரே மாதத்தில் பூத்துவிடும் என்கிறார்கள். எதை எடுத்துப்போவது, எதை விடுவது, அங்கே எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜோத்பூரில் மூடி லேசாகத் திறந்திருந்த டப்பாவில்கூட வற்றல் மொறுமொறுப்பாக இருந்திருக்கும். அது டப்பாவால் வந்ததில்லை, அந்த ஊர்க் காற்றால் வந்தது. கோடையில் அங்கே காற்றில் ஈரமே இருக்காது. தேஜ்பூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தைத் தாண்டியே நிற்கும். உலர்ந்த பொருள் எதுவும் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஜோத்பூரில் பழகிய முறையை அப்படியே அங்கே கொண்டுபோனால், சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமுத்துப்போய்ப் பூசணம் பிடிக்கும்.

முதலில் இங்கே கையிருப்பைக் குறைக்க வேண்டும். கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே இருப்பதையெல்லாம் எழுதி, ஒரு மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் மொத்தமாக எதையும் வாங்காதீர்கள். கோதுமை மாவு, ரவை, கடலை மாவு, இடியாப்ப மாவு, அரைத்த பொடிகள் ஆகியவற்றை முதலில் தீர்க்க வேண்டும். இவற்றில்தான் வண்டும் புழுவும் சீக்கிரம் வரும், காறல் வாடையும் சீக்கிரம் அடிக்கும். கடைசி மாதத்தில் ஃப்ரீஸரைக் காலி செய்யுங்கள். லாரியில் ஏற்றும் நாளில், திறந்த பாக்கெட் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. புளி, ஊறுகாய், முழு மசாலா மூன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். மீதியைக் குவார்ட்டர்ஸிலேயே கொடுத்துவிடுங்கள். சாமான் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வெயிலில் ஓடும் மூடிய லாரிக்குள் சூடு ஏறி, அரைகுறையாக மூடிய மாவுப் பாக்கெட்டில் இருக்கும் இரண்டு வண்டு, போய்ச் சேர்வதற்குள் பக்கத்துப் பாக்கெட்டுக்கும் போய்விடும்.

அரிசி, பருப்பை எடுத்துப்போயே ஆக வேண்டும் என்றால், ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள். அரிசி வண்டு மணிக்குள்ளேதான் முட்டையிடும். வெளியே ஒன்றும் தெரியாத அரிசியில் ஒரு மாதம் கழித்து வண்டு ஊர்வது அதனால்தான். ஒரு வாரக் குளிரில் முட்டையும் சாகும். எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். குளிர்ந்த அரிசியின்மேல் காற்று பட்டால் நீர் பூத்து, காயவைத்த வேலை வீணாகும். பருப்பில் விளக்கெண்ணெய் தடவும் பழக்கம் நல்லதே: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும், சமைக்குமுன் கழுவிவிடலாம். போரிக் பவுடர் கலப்பதை மட்டும் அடியோடு விடுங்கள். அது சாப்பிடும் பொருளில் சேரக் கூடாதது.

அரிசியைப் பொறுத்தவரை எங்கள் கருத்து, சுமக்கவே வேண்டாம் என்பதுதான். அஸ்ஸாம் அரிசி விளையும் மாநிலம், புழுங்கலும் கிடைக்கும். இட்லிக்குத் தடித்த புழுங்கலைத் தேர்ந்தெடுத்து, முதல் தடவை கொஞ்சமாக அரைத்து உளுந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளலாம். கவுனி அரிசிக்கும் அங்கே மாற்று உண்டு. மணிப்பூரின் சாக்-ஹாவ் என்ற கருப்பரிசி, நம் கவுனி போலவே பசைத்தன்மை உள்ளது, 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. பக்கத்து மாநிலத்துப் பொருள் என்பதால் தேடினால் அகப்படும். இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டால் கவுனி அரிசி தயார். ஊர்க் கவுனிதான் வேண்டும் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். தவிடு நீக்காத அரிசியில் தவிட்டு எண்ணெய் காறிப்போகும், ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இனி ஊரில் மட்டும் கிடைப்பவை. பெட்டியில் இடம் கொடுக்க வேண்டியது இவற்றுக்குத்தான்.

மிளகாய்: ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் காம்போடு வாங்கிக் காம்போடே வையுங்கள். காம்பைக் கிள்ளினால் அந்த ஓட்டை வழியாக ஈரமும் பூச்சியும் உள்ளே போகும். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், அழுத்தினால் ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. கட்டுமுன் நாலைந்தை உடைத்து உள்ளே பாருங்கள். உள்தோலில் சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் அந்தப் பையையே ஒதுக்கிவிடுங்கள். பூசணம் பூத்த மிளகாயிலும் வேர்க்கடலையிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் கழுவினாலும் அது முழுக்கப் போகாது. ‘லேசாகத்தானே பூத்திருக்கு, தட்டிவிட்டுப் போட்டுக்கலாம்’ என்ற பழக்கம் இங்கே கூடாது.

மசாலாப் பொடியாக அரைத்துக் கொண்டுபோக வேண்டாம். முழு மல்லி, சோம்பு, சீரகம், மிளகு, பட்டை, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வருடம் தாங்கும். அரைத்தால் எண்ணெயும் வாசனையும் வெளியே வந்துவிடுகின்றன, ஈரம் படும் பரப்பும் பல மடங்காகிறது. மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரைத்து, அரைத்த சூடும் அடங்கிய பின்பே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் வியர்த்து, மேல்பொடி கட்டியாகும். பொடி கெடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தேங்காய் வறுத்துச் சேர்க்கும் பொடிகளை அன்றன்றைக்கே செய்துகொள்ளுங்கள். கல்பாசி ஒரு வருடத்துக்கு 25 கிராம் போதும். எடை லேசாக இருக்கிறதே என்று அள்ளிப்போட்டால், தீராமல் கிடந்து பக்கத்தில் இருக்கும் சோப்பு வாடையைக்கூட இழுத்துக்கொள்ளும்.

வற்றலுக்கும் மோர்மிளகாய்க்கும் பெரிய டப்பா கூடாது. ஒரு கிலோ டப்பாவை நாள்தோறும் திறந்தால், நாள்தோறும் ஈரக்காற்று உள்ளே போகிறது. ஒரு வாரத்துக்கு வேண்டிய 50 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, அவற்றை ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் அடுக்குங்கள். வாரம் ஒரு பொட்டலம் மட்டும் வெளியே வரட்டும். வேக்குவம் பையில் கட்டினால் கொத்தவரை வற்றலின் கூர்முனை பையைக் குத்தி ஓட்டையாக்கும். ஒரு காகிதத்தில் சுற்றிப் பிறகு பையில் போடுங்கள். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் போடுவதானால் உணவுக்கென்றே விற்கும் பொட்டலமாக இருக்கட்டும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக நிறம் மாறும் வகையில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும், அது சமையலறைக்கு ஆகாது. நமுத்துப்போன வற்றலைச் சிறு தீயில் வெறும் தவாவில் ஐந்து நிமிடம் புரட்டினால் மீட்டுவிடலாம். பூசணம் பூத்ததை மீட்க முடியாது.

புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்புச் சேர்த்து ஒரு நாள் வெயில் காட்டி இறுக்கி அடையுங்கள். பயணத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் டப்பா, போய்ச் சேர்ந்ததும் ஜாடி. தகரம், அலுமினியம், பித்தளை எதுவும் வேண்டாம், புளி அரித்துவிடும். நாள் ஆக ஆகக் கறுப்பது இயல்பு, கெட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

கருப்பட்டி அங்கே வியர்க்கும். மழைக்காலத்துக்கு ஒரு கிலோ போதும். கசியத் தொடங்கினால் கொஞ்சம் நீர்விட்டுக் காய்ச்சி, வடிகட்டி, பாகாக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நல்லெண்ணெய் கட்டாயம் கொண்டுபோங்கள். அங்கே எல்லா வீட்டிலும் கடுகெண்ணெய்தான், நல்லெண்ணெய் எளிதில் அகப்படாது. பிரிக்காத ஒரு லிட்டர் பாக்கெட்டுகளாக, பெட்டிக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு அடுக்குங்கள்.

உப்புக்கண்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உப்பு இருப்பதால் கெடாது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் உப்பும் உலர்வும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. சரியாகக் காய்ந்தால் ஒரு கிலோ எலும்பில்லாத கறி சுமார் 350 கிராமுக்கு வந்துவிடும். ஒரு துண்டை வளைத்தால் ஒடிய வேண்டும், நடுவில் ரப்பர்போல இழுத்தால் இன்னும் வெயில் வேண்டும். கொழுப்பைக் கறி நறுக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கொழுப்புக் காயாது, காறிப்போகும். தேஜ்பூரில் மழைக்காலத்தில் இதை நீங்களே போட முயலாதீர்கள். காய்வதற்குமுன் கெட்டுவிடும். ஊரில் போட்டதை 100 கிராம் பொட்டலமாகக் கட்டி, அங்கே ஃப்ரீஸரில் வையுங்கள். அலமாரி வேண்டாம்.

அத்தையிடம் பேச வேண்டிய முக்கியமான விஷயம் பருவம். காரைக்குடிப் பக்கம் வற்றலும் மிளகாயும் காய்வது மாசியிலிருந்து வைகாசி வரை. அஸ்ஸாமில் அந்த வைகாசி முடிவில்தான் மழை தொடங்குகிறது. அஸ்ஸாம் வானம் தெளியும் நவம்பரில் நம்மூரில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே சித்திரையில், முற்றத்து வெயில் நன்றாக அடிக்கும் நாளில், காய்ந்த சூடு ஆறியதும் ஊரிலேயே சிறு பொட்டலங்களாக ஒட்டிவிடச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் நீங்கள் எடுத்துப்போங்கள். மீதி ஊரிலேயே ஒட்டினபடி இருந்து, கார்த்திகை மார்கழியில் வரட்டும். ஐப்பசியில் மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் கட்டினால், நம்மூர் மழையின் ஈரத்தையும் சேர்த்துக் கட்டியதாகும். ஒரே மூட்டையாக வருடத்துக்கு ஒருமுறை அனுப்புவது அத்தைக்குத் திருப்தியாக இருக்கும். அதைச் சிறு பார்சல்களாக மாற்றச் சொல்லுவது உங்கள் பொறுப்பு.

ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் லாரி ஏற்றாதீர்கள். அகன்ற வாய் உணவுத்தர பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு விரல் இடம் விட்டு நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஓரத்தை டேப் ஒட்டி, நிமிர்த்தி வையுங்கள். சூட்டில் எண்ணெய் விரியும், இடமில்லாவிட்டால் வழியும். சேர்ந்ததும் ஜாடிக்கு மாற்றி, மேலே ஒரு சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கும்படி காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள்.

கையோடு ரயிலில் ஒரு சமையல் பெட்டி போகட்டும். லாரி வரும்வரை அதுதான் வீடு. மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, கத்தி, மூன்று கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, 200 கிராம் புளி, லாரி வரும்வரைக்கு மட்டும் அரைத்த கால் கிலோ பொடி, உப்பு, அரை லிட்டர் எண்ணெய். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு இலவசச் சுமை 40 கிலோ. விமானம் என்றால் மிளகாய்ப் பொடியும் மிளகாய் ஊறுகாயும் கைப்பையில் போகாது, கொப்பரை தீப்பிடிக்கும் என்பதால் தடுத்துவிடுவார்கள்.

கேஸ் இணைப்புக்கு, கிளம்புமுன் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றல் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டும் திரும்ப வரும். புதிய ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு வாங்கலாம். அதுவரை இண்டக்‌ஷன் அடுப்பு. 2000 வாட் அடுப்புக்கு 16 ஆம்ப் சாக்கெட் வேண்டும். குவார்ட்டர்ஸின் சிறிய சாக்கெட்டில் மாட்டினால் சூடாகி உருகும்.

ஃப்ரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்து, பனி முழுக்க உருகவிட்டு, துடைத்து, கதவை லேசாகத் திறந்தே உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடி லாரியில் ஏற்றினால் ரப்பர் ஓரத்தில் கறுப்புப் பூசணம் பிடித்துவிடும். நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள், இறக்கியதும் நாலு மணி நேரம் விட்டு இயக்குங்கள். கிரைண்டரின் குழவியையும் கல்லையும் தனியாக எடுத்துத் துணி சுற்றாமல் ஏற்றினால், வண்டி குலுங்கும்போது அச்சு வளைந்துவிடும்.

புது வீட்டில் சாமான் டப்பாக்களைத் தரையிலும் வெளிச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். மழையில் அந்தச் சுவர் ஊறும். ஒரு கை அகலம் தள்ளி, பலகைமேல் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை, வெயில் எட்டிப்பார்க்கும் நாளில், ஒவ்வொரு டப்பாவையும் கையிலெடுத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் மங்கியிருக்கும் டப்பாவை அன்றே பிரித்துப் பாருங்கள்.