காளியைத் தட்டிக் கேட்டது உங்கள் மகள் மட்டும் இல்லை

கேள்வி: 'முள்ளும் மலரும்' எங்கள் தலைமுறைக்கு அண்ணன் தங்கை பாசத்தின் உச்சம். கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தேன். படம் முடிந்ததும், "அந்தக் காளி தங்கச்சியைத் தன் சொத்து மாதிரி வச்சிருக்கான்ப்பா. இதுவா பாசம்?" என்கிறாள். அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்துக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது நியாயமா? இயக்குநர் கனவிலும் நினைக்காத அர்த்தத்தையெல்லாம் தோண்டி எடுப்பது தேவையா? பழைய படத்தைப் பழைய படமாகவே விட்டுவிடக் கூடாதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: விட்டுவிடக் கூடாது. உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. இந்தக் காலத்துக் கண்ணாடி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. இயக்குநர் மகேந்திரன் 1978இல் படத்துக்குள் வைத்துவிட்டுப் போன கேள்வியைத்தான் அவர் எடுத்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறார்.

கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர்கள் காளியும் வள்ளியும். காளி, மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் இழுவை வண்டியான விஞ்சை ஓட்டும் ஆபரேட்டர். புதிதாக வரும் இன்ஜினியர் குமரனோடு அவனுக்கு முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. அந்தக் குமரன் முறையாக வந்து வள்ளியைப் பெண் கேட்கிறான். காளி மறுக்கிறான். வேறு மாப்பிள்ளை பார்க்கிறான். அந்த மாப்பிள்ளையின் யோக்கியதை காளியின் மனைவி மங்காவுக்குத் தெரியும். புருஷனிடம் எடுத்துச் சொல்கிறாள், அவன் காது கொடுக்கவில்லை. கடைசியில் என்ன நடக்கிறது? மங்காவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வள்ளியைக் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். காளி தனியாக வழிமறித்து நிற்கிறான். கட்டிய மனைவிகூட அவன் பக்கம் இல்லை.

கதாநாயகனுக்கு எதிராக ஊரையே அணி திரட்டி நிறுத்தியிருக்கிறார் ஒரு இயக்குநர். காளியின் தப்பை அவர் நினைத்தே பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? படத்தில் இருந்தது உங்கள் மகளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று யோசிப்பதுதான் முறை.

அதற்குக் காரணம் உண்டு. நாம் பழைய படத்தை முழுசாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நாலு வசனம், இரண்டு பாட்டு, ஒரு கிளைமாக்ஸ், அவ்வளவுதான் மனதில் தங்குகிறது. "கெட்ட பய சார் அவன்" என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேசுகிறார்கள், மிமிக்ரி செய்கிறார்கள், விசில் அடிக்கிறார்கள். அது ஏதோ ஜெயித்தவனின் கர்ஜனை என்று ஆகிவிட்டது. படத்தில் அதைச் சொல்லும்போது காளி எந்த நிலைமையில் இருக்கிறான்? குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தபோது லாரி ஏறி ஒரு கை போய்விட்டது. கை போனதோடு வேலையும் போகிறது. அந்த நிலையில் இன்ஜினியருக்கு முன்னால் நின்றுகொண்டு, கை கால் எல்லாம் போனாலும் காளி பிழைத்துக்கொள்வான் என்கிறான். உடைந்துபோன ஒரு மனிதன், உடையவில்லை என்று காட்டிக்கொள்ளச் சொல்கிற வார்த்தை அது. அந்தக் காட்சியில் ரஜினியின் முகத்தைப் பாருங்கள். அங்கே விசில் அடிக்க எதுவுமே இல்லை. காட்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு வசனத்தை மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் தூக்கிச் சுமந்திருக்கிறோம். படத்தில் இல்லாத அர்த்தத்தை ஏற்றியது யார்? உங்கள் மகளா, நாமா?

அடுத்து, "அந்தக் காலம் அப்படி" என்கிற வாதம். இதை இந்தப் பக்கத்திலேயே பல தடவை படித்தாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே 1978இல்தான் இயக்குநர் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வந்தது. காளியாக நடித்த அதே ரஜினி அதில் பெண்களை இளக்காரமாகப் பேசும் தியாகு. கமலின் அருண், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவன், நல்லவன், முற்போக்கானவன். ஸ்ரீபிரியாவின் மஞ்சு இரண்டு பேரையும் அளந்து வைத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில், கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வரும் அருணோடு மஞ்சு காரில் போகிறாள். பெண் சுதந்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அந்தப் புதுப்பெண்ணைக் கேட்கிறாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அந்தப் பெண். அதனால்தான் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று சொல்லும் மஞ்சுவை இறக்கிவிட்டுவிட்டு கார் போய்விடுகிறது. இந்தக் காட்சியும் உங்கள் 'அந்தக் காலம்'தான்.

காலம் போகப் போகத்தான் புத்தி வந்தது என்று நினைப்பதற்கும் இடமில்லை. 11 வருஷம் கழித்து, 1989இல் 'புதிய பாதை' வந்தது. தன்னைப் பலாத்காரம் செய்தவனையே தேடி வந்து, திருத்தி, கணவனாக்கிக்கொள்ளும் பெண்ணின் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. மஞ்சுவைப் பார்த்த ஊர்தான் இதையும் கொண்டாடியது. எந்தக் காலத்திலும் இரண்டு குரலும் இருந்தன. 'அந்தக் காலம்' என்று சொல்லும்போது அதில் ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னொன்றை நீங்கள் அடித்துவிடுகிறீர்கள். ருத்ரய்யாவுக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் இது பெரிய அநியாயம்.

இயக்குநர் நினைத்தாரா என்பதற்கும் ஒரு வார்த்தை. ஒரு படத்தில் இயக்குநர் நினைத்தது மட்டும் இருப்பதில்லை. 'முள்ளும் மலரும்' படத்தில் பாலு மகேந்திராவின் கேமரா இருக்கிறது, இளையராஜா இருக்கிறார், ஷோபா இருக்கிறார். வள்ளியாக நடித்தபோது ஷோபா பதின்வயதுப் பெண். 1980இல் இறந்துவிட்டார். இது தெரிந்த பிறகு 'அடி பெண்ணே' பாட்டை முன்பு பார்த்த மாதிரி என்னால் பார்க்க முடிவதில்லை. அந்த வலியை மகேந்திரன் எழுதவில்லை. அதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, அதற்காக யார் என்ன சொன்னாலும் அதுதான் அர்த்தம் என்றும் விட முடியாது. சுவரின் நிறத்தை வைத்து, வண்டி நம்பரை வைத்து ரகசியக் குறியீடு கண்டுபிடிக்கிறவர்கள் எனக்கும் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காட்சி, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? அதைக் காட்ட முடிந்தால் பேசலாம். உங்கள் மகளால் காட்ட முடிகிறது.

ஆனால் அவரும் ஒரு இடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். சொத்து மாதிரி வைத்திருக்கிறான் என்று ஒரே வார்த்தையில் காளியை முடித்துவிட முடியாது. ஊர் ஜனங்களை விஞ்சில் இலவசமாக ஏற்றிக்கொண்டவன் அவன். அதுதான் அவனுடைய ராஜ்ஜியம். விதிப் புத்தகத்தோடு வந்து அதைப் பறித்தவன் குமரன். பறித்தவனுக்கே தங்கையையும் கொடுக்க வேண்டும் என்றால் அவனுக்கு எப்படி எரியும்? அந்த எரிச்சலுக்கு வள்ளியைப் பலியாக்கப் பார்த்தது மகா தப்பு, சந்தேகமே இல்லை. எரிச்சல் வந்ததற்கு நியாயம் இருந்தது என்பதும் படத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் கடைசியில் வள்ளி தன்னிடமே திரும்பி வந்ததும் மனம் மாறிக் கல்யாணத்துக்குச் சம்மதித்த பிறகும், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று குமரனிடம் நேராகச் சொல்கிறான். இதை எழுதிய கைக்குக் காளியின் மேல் பிரியமும் இருந்தது, கோபமும் இருந்தது. நீங்கள் பிரியத்தை மட்டும் பார்த்தீர்கள், உங்கள் மகள் கோபத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

இருவரும் சேர்ந்து அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஊரே துணைக்கு இருக்கும்போது, வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பி ஓடுகிறாளே, அது பாசமா, பயமா, வேறு போக்கிடம் தெரியாமல் வளர்ந்ததன் பழக்கமா? எனக்கு ஒரு பதில் உண்டு, அதை இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் மகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.