ஜெனீவாவில் நாலு இரவு, கை கடிக்காமல்

டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில், ஒரு பெட் எடுத்தாலும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா கட்டுப்படியாகுமா, சைவத்துக்கு என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆகும். பிரான்ஸ் எல்லையைத் தாண்டினால் அறை மலிவு என்று மட்டும் அங்கே போய்விடாதீர்கள். ஜெனீவாவுக்குள் ஹாஸ்டலில் தங்கினால்கூட, தங்கும் நாள் முழுக்க டிராம், பஸ், ஏரியைக் கடக்கும் சின்னப் படகு எல்லாவற்றுக்கும் இலவசப் பயண அட்டை உண்டு. அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பர்ஸைக் காலி செய்வது சாப்பாடுதான். அதனால் சமையலறை இருக்கிற ஹாஸ்டலாகப் பாருங்கள். நான் அரைக் கிலோ ரவையும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் செக்-இன் பையில் கொண்டுபோனேன்; இரவு உப்புமா கிளறினால் பக்கத்து அடுப்புக்காரர் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கே இரண்டடி தள்ளி நிற்பார்! நெய், பன்னீர் வேண்டாம், இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை. தயிரை மிக்ரோஸ், கூப் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிறன்று ரயில் நிலையம், விமான நிலையம் தவிரப் பெரும்பாலும் பூட்டுதான்.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது: லாக்கருக்குச் சொந்தப் பூட்டு எடுத்துப்போங்கள். நான் மறந்துபோய் வரவேற்பு மேசையில் வாங்கினேன், அந்த விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.